பின்சக்கரத்தைப் பார்த்துக்கொள்

பினாங்கு
ஸ்ரீமுக வருஷம், தை மாதம்

அன்புள்ள மகன் ராமதாஸுக்கு அப்பா எழுதிக்கொண்டது. நீயும் மருமகள் நவமணியும் குளுவாங்கில் நோய்நொடி இல்லாமல் இருக்கத் தண்ணீர்மலையான் முருகனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே நான், உன் அம்மா, தம்பி தண்ணிமலை மூன்று பேரும் இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுத வேண்டிய இடம் இது, எத்தனையோ கடிதத்தில் யோசிக்காமல் எழுதியிருக்கிறேன், இன்றைக்குக் கை வரவில்லை, ஆகையால் இருக்கிறோம் என்று மட்டும் வைத்துக்கொள்.

உன் கடிதம் கிடைத்தது. தோட்டத்துச் சின்ன துரை சீமைக்குப் போகும்போது அவருடைய மோட்டார் சைக்கிளை உனக்கே கொடுத்துவிட்டார் என்றும், தூரத்து டிவிஷனுக்கு இனி நடந்து போக வேண்டியதில்லை என்றும், ஞாயிற்றுக்கிழமை நவமணியைப் பின்னால் உட்கார வைத்துக் குளுவாங் பசாருக்குப் போய் வந்ததாகவும் எழுதியிருக்கிறாய். சந்தோஷம். வண்டி பச்சை நிறம் என்பதையும் மறக்காமல் எழுதியிருக்கிறாய். ஏண்டா, உனக்கு முன்பின் யோசனை வேண்டாமா? உன் அம்மாவுக்கு வருகிற கடிதத்தை வாசித்துக் காட்டுவது யார் என்று உனக்குத் தெரியாதா? மோட்டார் சைக்கிளில் போய் ஒரு காலை விட்டுவிட்டு வந்து படுத்திருக்கிற உன் தம்பிதான் அந்தப் பச்சை வண்டியின் அழகை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிறுத்தாமல் வாசித்தான். வாசித்து மடித்து அம்மா கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கோபித்துக்கொண்டான் என்று நினைக்காதே, கோபித்திருந்தால் எனக்குப் பாதி பாரம் குறைந்திருக்கும். அவனுக்குக் கோபம்கூட வருவதில்லை.

உன் அம்மா இப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். நவமணிக்கு மாதம் ஏற ஏற வண்டியில் ஏற்றாதே என்கிறாள். தாயில்லாப் பெண், பிள்ளைப்பேற்றுக்கு யார் இருக்கிறார்கள், பங்குனியில் நானே குளுவாங்குக்கு வந்து இரண்டு மாதம் இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். நம் பக்கத்து வீட்டு சபூரா அதுவரைக்கும் தண்ணிமலைக்குச் சோறு கொடுத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாளாம். இந்த உறையில் வெள்ளைத் துணியில் முடிந்து திருநீறு வைத்திருக்கிறாள். தண்ணீர்மலைக்கு ஏறிப் போய், சன்னதியில் வைத்து வாங்கி வந்தது. தினமும் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் அதில் ஒரு பிடி எடுத்துச் செயின் முழுக்கப் படுகிற மாதிரி பூச வேண்டுமாம். விளக்கில் பூசினால் போதாது, மட்கார்டில் பூசினால் போதாது, செயினில்தான் பூச வேண்டுமாம், வண்டியை இழுக்கிறது அதுதானாம். எழுதியாச்சா, எழுதியாச்சா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டாள். எழுதிவிட்டேன். இப்போது தண்ணிமலைக்குக் கட்டுத் துணி மாற்ற எழுந்து உள்ளே போகிறாள்.

ராமதாஸ், இனிமேல் எழுதுவதை நீயும் நவமணியும் மட்டும் படித்துவிட்டு இந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டுவிடு. உன் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாதுதான், ஆனாலும் அவள் பக்கத்தில் இருக்கும்போது இதை எழுத எனக்குத் தைரியம் இல்லை. நிபோங் திபால் தோட்டச் சடக்கில் போய்க்கொண்டிருக்கும்போது செயின் அறுந்து பின்சக்கரத்தில் சிக்கி, சக்கரம் சுற்றாமல் நின்று, மரப்பாலத்தின் மேல் வண்டி புரண்டு உன் தம்பி காலின் மேல் விழுந்தது என்று உனக்கு எழுதியிருந்தேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்பதையும் எழுதினேன். செயின் ஏன் அறுந்தது என்று எழுதவில்லை, அப்போது எனக்கே தெரியாது. இப்போது தெரியும். தெரியாமலே இருந்திருக்கலாம்.

அந்தச் செயின் பழசு இல்லை. முந்தின வருஷத் தீபாவளிக்கு இல்லை, இந்தத் தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால்தான் புதுசாகப் போட்டது. உன் தம்பியின் குணம் உனக்குத் தெரியும், சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாதவன், வண்டிக்கு மட்டும் வாரம் தவறாமல் எண்ணெய் விடுவான். டவுனிலிருந்து மருந்துப் பெட்டியை ஏற்றிக்கொண்டு ஃபெரியில் அக்கரை போய், தோட்டம் தோட்டமாக ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டு வருகிற வேலை அல்லவா, வண்டி நின்றால் வேலை போச்சு என்று அவனுக்குத் தெரியும். அப்படிப் பார்த்துக்கொண்ட வண்டியில் புதுச் செயின் எப்படித் தேய்ந்து அறுந்தது என்று நூர் முகம்மதுக்கே புரியவில்லை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பின் சந்தில் பட்டறை வைத்திருக்கிறாரே, அவர்தான். போலீஸ் பார்த்து முடித்த பிறகு வண்டியை அவர் பட்டறையில்தான் கொண்டுபோய் விட்டோம். கிட்டங்கியில் சாக்கு எண்ணி முடித்துச் சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். வீட்டுக்குப் போனால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், அதற்குப் பயந்துதான் போனேன், வண்டி வேலை கற்றுக்கொள்ள இல்லை.

ஒரு நாள் நூர் முகம்மது அந்த அறுந்த செயினை ஒரு மங்குத் தட்டில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றி பிரஷ் வைத்துத் தேய்த்தார். நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். செயினை எடுத்த பிறகு தட்டின் அடியில் சேறு மாதிரி கெட்டியாக ஒன்று தங்கியிருந்தது. எண்ணெயை வடித்துவிட்டு வெயிலில் வைத்தால் காயக் காய வெளுத்துக்கொண்டே வருகிறது. நிபோங் திபால் சடக்கு மண் சிவப்பு, உனக்குத் தெரியாததா, அங்கே போய் வந்தால் வேட்டியை மூன்று தண்ணீர் அலச வேண்டும். இது வெளுப்பு. நடுவே நடுவே குங்குமச் சிவப்பும் இருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். காலையில் குளித்துவிட்டு எதை எடுத்துத் தேய்க்கிறேனோ அதுதான். நூர் முகம்மதும் விரலில் எடுத்துத் தேய்த்தார். தலையைத் தூக்கி என் நெற்றியைப் பார்த்தார். பிறகு தட்டை எடுத்துப் போய்க் கால்வாயில் கொட்டிவிட்டு வந்து, ரோட்டு மண்ணுதான் லா அண்ணே, அந்தப் பக்கம் சடக்கு பூரா இப்படித்தான் கெடக்கு என்று சொன்னார். நானும் ஆமாம் என்றேன்.

உன் அம்மா தினமும் விடிகாலையில் வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து என்னவோ செய்வாள். கும்பிடுகிறாள், பொட்டு வைக்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஒன்றும் தெரியாதவன் போல் கேட்டேன். போன சரஸ்வதி பூஜையில் வண்டிக்கு மாலை போடும்போது, எதுடா இந்த வண்டிய இழுக்குது என்று அவள் கேட்டாளாம். இந்தச் செயின்தாம்மா, இது இல்லேன்னா இஞ்சின் என்னா கத்து கத்துனாலும் சக்கரம் சுத்தாது என்று தண்ணிமலை சொன்னானாம். அன்றிலிருந்து பிடித்தாள். ஒரு கையால் பின்சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டு மறு கையால் செயின் நெடுகத் திருநீறு தூவி, அழுத்தித் தேய்த்து, குங்குமம் வைத்து, பிள்ளை பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அவன் எண்ணெய் விட்டான், இவள் திருநீறு விட்டாள். இரண்டும் சேர்ந்து, பாத்திரம் துலக்குகிற சாம்பல் மாதிரி இரும்பை அரைத்துத் தள்ளிவிட்டது. அவன் எவ்வளவு அக்கறையாக எண்ணெய் விட்டானோ அவ்வளவுக்கு அது ஒட்டிக்கொண்டது. யாரைக் குற்றம் சொல்வது? இரண்டு பேரும் செய்ய வேண்டியதைத்தானே செய்தார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு போய்ச் சேர்ந்திருப்பேன். பட்டர்வொர்த் சித்தப்பா தவறிப்போனாரே, பங்காளித் தீட்டு என்று நம் வீட்டில் கருமாதி முடியும்வரை விளக்கு ஏற்றவில்லை, சாமி மாடத்தைத் தொடவில்லை. அந்தத் தீட்டு நாளில்தான் உன் தம்பிக்கு இப்படி ஆயிற்று. அந்த நாட்களில் உன் அம்மா செயினில் திருநீறு பூசவில்லை. அதனால்தான் பிள்ளைக்குக் கால் போனது, தீட்டாவது மண்ணாவது என்று பூசியிருந்தால் முருகன் காப்பாற்றியிருப்பான், நான்தான் பாவி என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். தினமும் அழுகிறாள், ராமதாஸ். சாப்பிட உட்கார்ந்தால் அழுகிறாள். நீ பூசாததனால் ஒன்றும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது, சொன்னால் பின்னே எதனால் என்று கேட்பாள். உன் அம்மாவை உனக்குத் தெரியும், பதில் வாங்காமல் விடமாட்டாள். நான் பொய் சொன்னால் என் முகத்தில் கண்டுபிடித்துவிடுவாள். ஆகையால் அவள் அழும்போது எழுந்து வெளியே போய்விடுகிறேன். கல்நெஞ்சு என்று சபூராவிடம் சொன்னாளாம். சொல்லட்டும்.

வருகிற தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்து வெறுங்காலோடு தண்ணீர்மலைக்கு நடக்கப் போகிறாள், விட்ட நாளுக்கு மன்னிப்புக் கேட்க. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்பாள், செய்ததைப் புண்ணியம் என்று சொல்லிக்கொள்வாள். முருகன் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அவனிடம் கேட்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. தண்ணிமலையோ வேறு பக்கம் வேகிறான். எண்ணெய் பத்தாம விட்டுட்டேன் போலப்பா என்று ஒரே ஒரு தரம் என்னிடம் சொன்னான், அதுதான் இந்த விஷயத்தில் அவன் வாயிலிருந்து வந்த பேச்சு. அவனுக்கு உண்மையைச் சொன்னால் தன் மேல் இருக்கிற பழி இறங்கும். இறங்கி எங்கே போய் உட்காரும்? அவனுக்குச் சோறு ஊட்டி, கட்டு மாற்றி, கழுவி விடுகிறவள் மேல் போய் உட்காரும். அவனால் அதைத் தாங்க முடியுமா? என்னால் முடியவில்லையே. வேலைக்கு வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். நிபோங் திபாலில் அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் ஆள் அனுப்பவும் இல்லை, வரவும் இல்லை, நானும் கேட்கவில்லை. மரக்கால் வைக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். சொல்லும்போது அவரே ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

அதனால் உன் வண்டியைப் பற்றி எழுதுகிறேன், கவனமாகப் படி. நான் சாக்கு எண்ணிக் கணக்கு எழுதுகிற கிராணி, மெக்கானிக் இல்லை, ஆனால் இந்த ஒரு சக்கரத்தை மட்டும் நூர் முகம்மதோடு உட்கார்ந்து கழற்றி மாட்டிக் கைப்பழக்கம் ஆகிவிட்டது. வண்டியை ஸ்டாண்டில் போட்டு, கியரில்லாமல், பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்று. கீழே ஓடுகிற செயினை நடுவில் விரலால் தூக்கி இறக்கிப் பார், கட்டைவிரல் அகலத்துக்கு ஆட்டம் இருந்தால் சரி. ஓர் இடத்தில் பார்த்துவிட்டு எழுந்துவிடாதே, சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றி ஒவ்வோர் இடத்திலும் பார், ஓர் இடத்தில் தொளதொளப்பாகவும் இன்னோர் இடத்தில் விறைப்பாகவும் இருந்தால் செயின் ஒரே மாதிரி தேயவில்லை என்று அர்த்தம். அப்போது தொளதொளப்பான இடத்தைப் பார்த்து முறுக்கிவிட்டால் விறைப்பான இடத்தில் இழுத்து அறுந்துபோகும், விறைப்பான இடத்தை வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். பிறகு பெரிய பல்சக்கரத்தின் பின்பக்கத்தில் செயினைப் பிடித்துப் பின்னால் இழு. பல்லை விட்டு எழும்பி பாதிப் பல் கண்ணுக்குத் தெரிந்தால் அந்தச் செயின் முடிந்தது, இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம் என்று நினைக்காதே.

பற்களையும் பார். இரண்டு பக்கமும் ஒரே சரிவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் குழிந்து கொக்கி மாதிரி வளைந்திருந்தால் பல்சக்கரமும் போச்சு. பழைய பல்சக்கரத்தில் புதுச் செயினைப் போட்டால் அந்தக் கொக்கிப் பல் புதுசையும் தின்றுவிடும், மாற்றினால் சேர்த்தே மாற்று. முன்னால் இஞ்சின் பக்கம் ஒரு சின்னப் பல்சக்கரம் மூடிக்குள்ளே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாததால் எல்லாரும் அதை மறந்துவிடுகிறார்கள், மூடியைக் கழற்றி அதையும் பார். சக்கரத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டு, டொக் டொக் என்று தட்டினால் உள்ளே அச்சில் பேரிங் தேய்ந்திருக்கிறது. செயினை முறுக்கும்போது இரண்டு பக்கத்து நட்டையும் ஒரே அளவு திருப்பு, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்துக்கு நூல் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் இறுக்க வேண்டும், கோணலாக நின்றால் ஒரு பக்கம் அறுத்துக்கொண்டே போகும். செயினின் இரண்டு முனையையும் சேர்க்கிற சின்ன கிளிப்பின் வாய் பின்னால் பார்த்திருக்க வேண்டும், மூடிய முனைதான் செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும், மாற்றிப் போட்டால் ஏதாவது தட்டிக் கழன்றுவிடும். மாதம் ஒரு தரம் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்துக் காயவைத்து எண்ணெய் விடு. விட்ட பிறகு வெளியே வழிகிறதைத் துணியால் துடைத்துவிடு, வெளியில் இருக்கிற எண்ணெய் அழுக்கைப் பிடிக்கத்தான் உதவும். கழுவின தட்டின் அடியில் என்ன தங்குகிறது என்று ஒவ்வொரு தரமும் பார். அந்தப் பக்கம் மண் சிவப்பு என்றால் சிவப்பாகத்தான் இருக்க வேண்டும்.

அம்மா பங்குனியில் வருவது நிச்சயம், நான் தடுத்துப் பார்த்துவிட்டேன். வந்தால் விடிகாலையில் உன் வண்டிக்குப் பக்கத்தில்தான் குனிந்து நிற்பாள். ஆகையால் அவள் வருவதற்குள் தகர வேலை தெரிந்த ஆளைப் பிடித்து, செயின் மேலும் கீழும் முழுக்க மூடுகிற மாதிரி ஒரு தகரப் பெட்டி அடித்து வண்டியில் மாட்டிவிடு. கேட்டால் துரை அப்படித்தான் வைத்திருந்தார், உள்ளேதாம்மா செயின் ஓடுது என்று சொல். தகரத்தின் மேல் அவள் எவ்வளவு வேண்டுமானாலும் பூசட்டும், தகரத்துக்கு ஒன்றும் ஆகாது. நூர் முகம்மதும் இப்படித்தான் ஒரு யுக்தி செய்திருக்கிறார். நம் வண்டிக்குப் புதுப் பல்சக்கரமும் செயினும் போட்டாகிவிட்டது, ஓட்டத்தான் ஆள் இல்லை. தண்ணிமலை எழுந்து ஓட்டுவான், விற்கக்கூடாது என்று உன் அம்மா பிடிவாதமாக இருக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் திருநீற்றை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போகிறாள். அவள் தலை சந்தில் தெரிந்ததும் நூர் முகம்மது செயினைக் கழற்றி உள்ளே ஆணியில் மாட்டிவிட்டு, செயின் உள்ள இருக்கு அக்கா, நான் பத்திரமா பாத்துக்கறேன் என்கிறாராம். அவள் சீட்டில் பூசிவிட்டு வருகிறாள். அந்த மனுஷன் எனக்குச் செய்திருக்கிற உபகாரத்துக்கு நான் வாயைத் திறந்து நன்றிகூடச் சொல்ல முடியாது.

நீ எனக்குத் தனியாகப் பதில் போடாதே, கிட்டங்கிக்கும் போடாதே, எந்தக் காகிதம் எந்தக் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. வழக்கம்போல் வீட்டுக்கே எழுது. தம்பிதான் வாசிப்பான், அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள், அந்த நினைப்போடு எழுது. அவள் அனுப்பிய திருநீற்றை நீயும் நவமணியும் காலையில் நெற்றி நிறையப் பூசிக்கொள்ளுங்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை, அது பெற்றவள் மலையேறிப் போய் வாங்கி வந்தது. அம்மாவுக்கு எழுதும்போது தினமும் பூசுகிறேன் என்று எழுது. எங்கே பூசுகிறாய் என்று எழுதாதே.

நவமணிக்கு என் ஆசீர்வாதம். வயிற்றுப் பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும், இரண்டு காலும் தரையில் ஊன்றி நீண்ட நாள் நடக்கட்டும். பின்சக்கரத்தை மறந்துவிடாதே. இதை மடிக்கப் போகிற நேரத்தில் உன் அம்மா கை துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நேரமா என்ன எழுதுறீங்க என்றாள். சக்கரத்தைப் பற்றி என்றேன். இன்னும் ஒரு வரி எழுதச் சொல்கிறாள், எழுதுகிறேன்: தம்பிக்கு நான் விட்ட மாதிரி நீ ஒரு நாளும் விட்டுடாதே அய்யா, தீட்டு வந்தாலும் பூசு, பொட்டலம் தீர்றதுக்குள்ள அம்மா இன்னும் அனுப்பறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
சி. முனுசாமி